ஆல்பனி நகரத்து மருத்துவர்



அண்ணல் அம்பேத்கர் ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற தம் சிறு நூலில் ஒரு கடிதத்தை எடுத்துச் சேர்த்திருக்கிறார். 1929 டிசம்பர் 12ஆம் தேதி ‘யங் இந்தியா’ இதழில் வெளிவந்த கடிதம் அது. எழுதியவர் கத்தியவார் பகுதியில் ஒரு கிராமத்தில் வேலை பார்த்த தீண்டப்படாத பள்ளி ஆசிரியர். அவர் மனைவிக்குப் பிரசவம் ஆகி இரண்டு நாளில் உடல்நிலை மோசமாகி மூச்சுத் திணறல். டாக்டர் சேரிக்குள் வர மறுத்தார். ஊர்ப் பெரியவர்களைப் பிடித்து, கட்டணத்துக்கு அவர்களே பொறுப்பேற்ற பிறகு, சேரிக்கு வெளியே கொண்டுவந்தால் பார்க்கிறேன் என்றார். பிள்ளை பெற்ற இரண்டாம் நாள் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போனார்கள். டாக்டர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிம் கையில் கொடுத்தார். அவர் அதைக் கணவனிடம் கொடுத்தார், கணவன் மனைவிக்கு வைத்தார். திரும்பிய வழியும் அதுவே. அந்தப் பெண் இறந்துபோனாள்.

இந்தக் கதையை இந்த மேடையில் பலமுறை கேட்டிருப்பீர்கள். நோயாளியைத் தொடாத மருத்துவரை நமக்குத் தெரியும். ஒடுக்கப்பட்டவர்களிலிருந்து ஒருவர் படித்து மருத்துவரானால் அவருக்கு என்ன நடக்கிறது, அவர் என்ன செய்கிறார் என்பதுதான் இன்று நான் பேச வந்திருப்பது. அரியலூர் அனிதாவின் பெயரைச் சொல்லாமல் ஒரு தமிழ் அரங்கில் இதைத் தொடங்க முடியாது. சொல்லிவிட்டுக் கடல் கடந்து போகிறேன். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஆல்பனி என்ற சிறு நகரத்துக்கு.

அந்த ஊர் நமக்கு முற்றிலும் அந்நியமானதில்லை. டு பாய்ஸ் 1903இல் வெளியிட்ட ‘கறுப்பு மக்களின் ஆன்மாக்கள்’ நூலில் ஆல்பனியையும் அதைச் சூழ்ந்த டௌகெர்ட்டி மாவட்டத்தையும் நேரில் சுற்றிப் பார்த்து எழுதியிருக்கிறார். பருத்திக் காடுகள், கடனில் மூழ்கிய குத்தகைக் குடும்பங்கள், விடுதலை கிடைத்த பிறகும் விடாத அடிமைத்தனம். 1946இல் அதே டு பாய்ஸுக்கு அம்பேத்கர் கடிதம் எழுதினார். அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐ.நா. சபைக்குக் கொடுத்த மனுவின் நகல் கிடைக்குமா என்று கேட்டார். டு பாய்ஸ் பதில் எழுதினார். நம் சகோதரர்கள் 1972இல் பம்பாயில் ‘தலித் பேந்தர்ஸ்’ என்று பெயர் வைத்துக்கொண்டது பின்னால் வந்தது. பேச்சு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

1960இல் ஆல்பனியின் மக்கள்தொகை ஏறக்குறைய 56,000. நூற்றுக்கு நாற்பது பேர் கறுப்பின மக்கள். நம் ஊர்க் கணக்கில் ஒரு நகராட்சி. பேருந்து நிலையத்தில் இரண்டு காத்திருப்பு அறைகள், இரண்டு தண்ணீர்க் குழாய்கள். பூங்கா, நீச்சல் குளம், நூலகம் எல்லாவற்றிலும் பிரிவு. வெள்ளையர் வீட்டில் சமைப்பவளும் பிள்ளை வளர்ப்பவளும் கறுப்பினப் பெண்தான். அந்த வீட்டு மேசையில் அவள் உட்கார முடியாது. இதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இந்த ஊருக்கு 1950களின் கடைசியில் ஓர் இளம் மருத்துவர் வந்தார். வில்லியம் ஜி. ஆண்டர்சன். 1927 டிசம்பர் 12 அன்று அமெரிக்கஸ் என்ற ஊரில் பிறந்தவர். ஆல்பனிக்குச் சுமார் 60 கிலோமீட்டர் வடக்கே இருக்கும் ஊர் அது. கடற்படையில் வேலை செய்துவிட்டு, அலபாமா மாநிலக் கல்லூரியில் படித்தார். அங்கே உடன் படித்தவர்களில் ஒருவர் ரால்ஃப் அபர்நாதி, பின்னாளில் மார்ட்டின் லூதர் கிங்கின் வலக்கையாக இருந்தவர். இந்தக் கல்லூரிப் பழக்கம் பின்னால் ஒரு நகரத்தின் வரலாற்றையே திருப்பியது. ஆண்டர்சன் அட்லாண்டாவைச் சேர்ந்த நார்மா டிக்சனை மணந்தார். அயோவா மாநிலத்தின் டி மாய்ன் நகரில் ஆஸ்டியோபதி மருத்துவம் படித்து 1956இல் பட்டம் பெற்றார்.

ஆஸ்டியோபதி என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எலும்பு, மூட்டு, தசைகளைக் கையால் சீர்செய்யும் சிகிச்சையில் தொடங்கி, மருந்தும் அறுவையும் சேர்ந்த முழு மருத்துவமாக வளர்ந்த முறை அது. ஆனால் அந்தக் காலத்தில் அமெரிக்க மருத்துவச் சங்கம் ஆஸ்டியோபதி மருத்துவர்களைத் தம்மில் ஒருவராக ஏற்கவில்லை. ஆக ஆண்டர்சனுக்கு இரண்டு விலக்கு. தோலால் ஒன்று, பட்டத்தால் ஒன்று.

கறுப்பின மருத்துவர்களின் நிலை பொதுவாகவே அப்படித்தான். தென் மாநிலங்களின் உள்ளூர் மருத்துவச் சங்கங்கள் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அதனால்தான் 1895இல் அட்லாண்டாவில் தனியாகத் தேசிய மருத்துவச் சங்கம் தொடங்கினார்கள். 1946இல் வந்த ஹில்-பர்ட்டன் சட்டம் மருத்துவமனை கட்ட மத்திய அரசின் பணத்தை அள்ளிக் கொடுத்தது. அதே சட்டத்தில், தனித்தனியாக ஆனால் சமமாக வசதி செய்துகொள்ளலாம் என்று ஒரு விதியும் இருந்தது. எல்லோருடைய வரிப்பணத்திலும் கட்டிய கட்டடத்தில் பிரிவினையைச் சட்டமே எழுதிக் கொடுத்தது. ஆல்பனியில் ஆண்டர்சனுக்கு மருத்துவமனையில் இடம் தரவில்லை. தம் கிளினிக்கில் வைத்துப் பார்க்க முடிந்ததைப் பார்ப்பார். படுக்கையில் சேர்க்க வேண்டிய நிலை வந்தால் அந்த நோயாளி அவர் கையைவிட்டுப் போய்விடுவார். பல ஆண்டுகள் படித்துவிட்டு மருத்துவமனை வாசலோடு நிற்கும் மருத்துவர். கத்தியவார் டாக்டர் உள்ளே வர மறுத்தார், இவரை உள்ளே விட மறுத்தார்கள்.

ஆனாலும் ஒரு விஷயத்தில் அவர் மற்றவர்களைவிடச் சுதந்திரமானவர். இதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். அவருடைய நோயாளிகள் கறுப்பின மக்கள். அவருக்குச் சம்பளம் கொடுக்கிற வெள்ளை முதலாளி இல்லை. தென் மாநிலங்களில் மருத்துவர், போதகர், வழக்குரைஞர், இறுதிச் சடங்கு நிலையம் நடத்துபவர், சிறு வணிகர் ஆகியோர் இயக்கத்தின் முன்வரிசைக்கு வந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். பிரிவினை அவர்களைத் தனியாக ஒதுக்கியது. ஒதுக்கிய இடத்தில் அவர்கள் சொந்தக் காலில் நின்றார்கள். ஊரில் கறுப்பின மாணவர்களுக்கென்று ஆல்பனி மாநிலக் கல்லூரி இருந்தது. அதன் ஆசிரியர்கள் அரசுச் சம்பளக்காரர்கள். வாய் திறந்தால் வேலை போகும். நம் அரசு ஊழியர்கள் இயக்கக் கூட்டத்துக்குக் கடைசி வரிசையில் வந்து, படம் எடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வதைப் பார்த்துக் கோபப்படுகிறோம். அந்தக் கோபத்தோடு, அவர்களுக்குப் படி அளப்பவர் யார் என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

ஆண்டர்சன் போராட்டக்காரராக ஆல்பனிக்கு வரவில்லை. குடும்பம், கிளினிக், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை. அவ்வளவுதான். அந்த வாழ்க்கையின் கதவை வந்து தட்டியவர்கள் மாணவர்கள்.

1961 இலையுதிர் காலத்தில் மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழுவிலிருந்து இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். சார்லஸ் ஷெராட், கார்டெல் ரீகன். மாநிலங்களுக்கு இடையே ஓடும் பேருந்துகளின் நிலையங்களில் பிரிவினை கூடாது என்ற மத்திய ஆணை நவம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அன்றைக்கே உள்ளூர் மாணவர்கள் பேருந்து நிலையத்துக்குப் போய் வெள்ளையர் பகுதியில் உட்கார்ந்து பார்த்தார்கள். போலீஸ் வெளியே போகச் சொன்னது. நவம்பர் 17 அன்று ஊரிலுள்ள கறுப்பினச் சங்கங்கள் ஒன்றுகூடி ‘ஆல்பனி இயக்கம்’ என்ற பொது அமைப்பை உருவாக்கின. ஆண்டர்சன் தலைவர். நிலம், வீடு வணிகம் செய்த ஸ்லேட்டர் கிங் துணைத் தலைவர். ஒவ்வொரு சங்கத்துக்கும் தன் ஆளே தலைவராக வேண்டும் என்ற போட்டி இருந்த இடத்தில், ஊருக்குப் புதியவரும் எல்லோர் வீட்டுக்கும் மருந்துப் பெட்டியோடு போய்வந்தவருமான ஒருவரை எல்லோரும் ஏற்க முடிந்தது என்றே நான் நினைக்கிறேன்.

நவம்பர் 22 அன்று பேருந்து நிலைய உணவகத்தில் மாணவர்கள் கைதானார்கள். பெர்த்தா கோபர், பிளாண்டன் ஹால் இருவரும் ஆல்பனி மாநிலக் கல்லூரி மாணவர்கள். கல்லூரி நிர்வாகம் அவர்களை வெளியேற்றியது. பிள்ளைகளைப் படிக்க அனுப்பியவர்கள் வயிற்றில் அது நெருப்பாக விழுந்தது. மூன்றாம் நாள் மவுண்ட் சயான் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் முதல் பெருங்கூட்டம். கூட்டம் தொடங்கும் நேரத்துக்கு வெகு முன்பே இருக்கைகளும் நடைபாதையும் நிரம்பிவிட்டதை ஆண்டர்சன் பிற்காலத்துப் பேட்டிகளில் திரும்பத் திரும்ப நினைவுகூர்ந்தார். அதுவரை சிறை என்றால் மானக்கேடு. ஒழுக்கமான குடும்பம் எட்டிப் பார்க்காத இடம். அந்தக் குளிர்காலத்தில் அது தலைகீழானது. டிசம்பர் நடுவுக்குள் 700க்கு மேற்பட்டோர் சிறை சென்றார்கள். சமையல்காரிகள், பள்ளிப் பிள்ளைகள், பாட்டிமார்கள்.

திருச்சபையைப் பற்றி இங்கே நின்று பேச வேண்டும். மவுண்ட் சயான் ஆலயமும் ஷைலோ பாப்டிஸ்ட் ஆலயமும் ஒரே தெருவில் எதிரெதிரே நிற்பவை. ஒன்று நிரம்பினால் கூட்டம் மற்றதற்குப் போகும், பேச்சாளர் தெருவைக் கடந்து இரண்டிலும் பேசுவார். பாட்டு நிற்காது. அந்தப் பாட்டிலிருந்துதான் 1962இல் ‘ஃப்ரீடம் சிங்கர்ஸ்’ குழு பிறந்தது. அதில் பாடிய பெர்னிஸ் ஜான்சன் ஆல்பனிக் கல்லூரி வெளியேற்றிய மாணவி. திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் செத்தவர்களுக்கு நடுவே சுவர் எழுப்பிய கிறிஸ்தவத்தையும் நமக்குத் தெரியும். அமெரிக்கத் தெற்கிலும் அந்தக் கிறிஸ்தவம் இருந்தது, வெள்ளையர் ஆலயங்களில். வித்தியாசம் என்னவென்றால் கறுப்பின மக்கள் அடிமைக் காலத்திலிருந்தே தம் காசில் தம் ஆலயங்களைக் கட்டி, சாவியைத் தம் கையில் வைத்திருந்தார்கள். கூட்டம் போட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆண்டர்சனின் பக்தியை, சாவி தம் கையில் இருந்த ஒரு சபையின் பக்தியாகத்தான் புரிந்துகொள்ள வேண்டும். நம் ஊரில் தலித் கிறிஸ்தவர்கள் ஆயிரக்கணக்கில் உள்ள பங்குகளிலும் சாவி யார் கையில் என்று கேட்டுப் பாருங்கள்.

சிறைகள் நிரம்பின, பிணைப் பணம் தீர்ந்தது. ஆண்டர்சன் தம் பழைய கல்லூரி நண்பர் அபர்நாதி வழியாகவும் தந்தி மூலமாகவும் கிங்கை அழைத்தார். மாணவர் குழுவினருக்கு இது பிடிக்கவில்லை. பெரிய தலைவர் வந்தால் பத்திரிகைகள் அவரோடு வரும், அவரோடு போய்விடும், ஊர்மக்கள் எழுப்பியது அவர் பெயரில் போகும் என்றார்கள். அவர்கள் சொன்னதில் உண்மை இருந்தது. பிணை எடுக்க முடியாமல் நூற்றுக்கணக்கானோர் உள்ளே கிடக்கும்போது தலைவர் என்ற முறையில் ஆண்டர்சனுக்கு வேறு வழியும் இருக்கவில்லை.

டிசம்பர் 15 இரவு கிங் வந்து பேசினார். ஒரு நாள் பேசிவிட்டுத் திரும்புவது அவர் எண்ணம். மறுநாள் ஊர்வலத்தின் முன்வரிசையில் கிங், அபர்நாதி, ஆண்டர்சன் மூவரும் நடந்தார்கள். 250க்கு மேற்பட்டோரோடு கைதானார்கள். மூவரையும் கொண்டுபோய் அடைத்த சிறை எங்கே என்று நினைக்கிறீர்கள்? அமெரிக்கஸில். ஆண்டர்சன் பிறந்த ஊரில். டாக்டராகப் பெயர் சொல்லித் திரும்ப வேண்டிய ஊருக்குக் கைதியாகத் திரும்பினார்.

அந்தச் சிறையில் நடந்த ஒன்றைக் கிங்கின் வரலாற்றை எழுதிய டெய்லர் பிராஞ்ச் பதிவு செய்திருக்கிறார். பல வாரத் தூக்கமின்மையும் பொறுப்பின் பாரமும் சேர்ந்து ஆண்டர்சன் மனம் கலங்கிப்போனார். கிறிஸ்துமஸ் வரை சிறையில் இருப்பேன் என்று அறிவித்த கிங் இரண்டே நாளில் பிணையில் வெளிவந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்கிறார் பிராஞ்ச். வெளியே இயக்கத்தார் செய்துகொண்ட வாய்மொழி ஒப்பந்தத்தை நகராட்சி பிறகு மறுத்துவிட்டது. பத்திரிகைகள் தோல்வி என்று எழுதின.

இதைச் சொல்லலாமா என்று யோசித்துத்தான் சொல்கிறேன். நம் மேடைகளில் தலைவர்கள் கலங்குவதே இல்லை. சிறைக்குப் போய் சிங்கமாகத் திரும்புகிறார்கள். முப்பத்து நான்கு வயது நிரம்பிச் சில நாளே ஆன, சின்னப் பிள்ளைகளை வீட்டில் விட்டுவந்த, அதுவரை போராட்டமே அறியாத ஒரு மனிதர் உடைந்ததில் வெட்கம் எதுவும் இல்லை. எனக்குப் பெரிதாகத் தெரிவது அதன் பிறகு நடந்ததுதான். அவர் ஒதுங்கவில்லை. மீண்டும் தலைவராக நின்றார், மீண்டும் கைதானார்.

ஆல்பனி ஏன் வெல்லவில்லை? போலீஸ் தலைவர் லாரி பிரிச்செட் வழக்கமான முரடர் இல்லை. கிங்கின் முறைகளைப் படித்துவிட்டு வந்தவர். கேமரா முன்னால் தடியைத் தூக்காதே என்று தம் ஆட்களுக்குக் கட்டளையிட்டார். மரியாதையாகக் கைது செய்து, ஊர்ச் சிறை நிரம்பாதபடி சுற்றியிருந்த மாவட்டச் சிறைகளுக்குப் பிரித்து அனுப்பினார். அமைதி காத்தமைக்கு அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடி ஆல்பனி அதிகாரிகளைப் பாராட்டினார். ஊருக்கு வெளியே, கேமரா இல்லாத இடத்தில் நடந்தது வேறு. 1962 ஜூலை 23 அன்று ஸ்லேட்டர் கிங்கின் மனைவி மேரியன், கர்ப்பிணி, கமில்லா சிறையில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோனார். காவலர்கள் அடித்துக் கீழே தள்ளி உதைத்தார்கள். குழந்தை பிழைக்கவில்லை. சில நாளில் இயக்கத்தின் வழக்குரைஞர் சி.பி. கிங்கின் மண்டையை ஷெரிஃப் தம் கைத்தடியால் பிளந்தார்.

அந்த ஜூலையில்தான் தேசியத் தொலைக்காட்சியில் ‘மீட் த பிரஸ்’ நிகழ்ச்சிக்கு வரவேண்டிய கிங் சிறையில் இருந்ததால் அவர் இடத்தில் ஆண்டர்சன் போய் உட்கார்ந்தார். ஏழு மாதத்துக்கு முன் சிறையில் கலங்கிய அதே மனிதர், நாடே பார்க்க, கேள்விகளுக்குப் பதில் சொன்னார்.

பேருந்தில் முன்னிருக்கையிலிருந்து எழ மறுத்துக் கைதான மாணவி ஓலா மே குவார்ட்டர்மேனுக்காகக் கறுப்பின மக்கள் பேருந்தைப் புறக்கணித்தார்கள். பேருந்துக் கம்பெனியே ஓட்டத்தை நிறுத்தியது. சேர்ந்து பயன்படுத்துவதைவிட மூடுவது மேல் என்று நகராட்சி பூங்காக்களையும் நீச்சல் குளத்தையும் நூலகத்தையும் மூடியது. 1963 மார்ச்சில் பிரிவினைச் சட்டங்களைப் புத்தகத்திலிருந்து நீக்கி நூலகத்தைத் திறந்தார்கள், நாற்காலிகளை எடுத்துவிட்டு. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் உட்கார்ந்துவிடக் கூடாதாம். நின்றுகொண்டு படியுங்கள் என்றார்கள். பொதுக் குளத்தில் இறங்கினால் குளத்தையே மூடுகிற புத்தி மகாடிலிருந்து நமக்குப் பழக்கமானதுதான்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எதிர்த்ததுதான் ஆல்பனியில் செய்த தவறு, ஒன்றைப் பிடித்து வென்றிருக்க வேண்டும் என்று கிங் பின்னாளில் சொன்னார். அந்தப் பாடத்தோடுதான் 1963இல் பர்மிங்காமுக்குப் போனார். ஆல்பனிக்காரர்கள் இந்தத் தோல்விக் கணக்கை ஏற்றதில்லை. கிங் வந்து போனது கிங்கின் வரலாறு, எங்கள் போராட்டம் அவர் வருவதற்கு முன்பும் நடந்தது, போன பிறகும் நடந்தது என்றார்கள். நான் அவர்கள் பக்கம்.

1963இல் ஆண்டர்சன் ஆல்பனியை விட்டுப் போனார். டெட்ராய்ட் நகரில் அறுவைச் சிகிச்சைப் பயிற்சியில் சேர்ந்தார். தலைமை ஸ்லேட்டர் கிங்குக்குப் போனது. ஆனால் வழக்கு விடவில்லை. ஒரு ஷெரிஃபுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்ன ஜூரியில் இருந்த வெள்ளை மளிகைக் கடைக்காரர் ஒருவரின் கடை முன் கறுப்பின மக்கள் மறியல் செய்திருந்தார்கள். அந்த மறியல் தொடர்பாக மத்திய அரசின் நீதித் துறை 1963 ஆகஸ்டில் ஒன்பது பேர்மீது குற்றம் சாட்டியது. ஒருவர் ஆண்டர்சன். மேரியன் கிங்கின் குழந்தைக்கும் சி.பி. கிங்கின் மண்டைக்கும் வராத மத்திய அரசு மளிகைக் கடைக்கு வந்தது. கீழ்வெண்மணி வழக்கின் கதை தெரிந்தவர்களுக்கு இதில் அதிர்ச்சி இருக்காது.

அவர் போனதை ஓடிப்போனதாகச் சொல்பவர்கள் அன்றும் இருந்திருப்பார்கள். நம்மிடையே படித்து நகரத்துக்குப் போனவரை நாம் என்னென்ன சொல்கிறோம்! எனக்கும் இதில் தெளிவான தீர்ப்பு கிடையாது. வெளியூரிலிருந்து வந்த மாணவர் சார்லஸ் ஷெராட் ஆல்பனியிலேயே தங்கிவிட்டார். 1969இல் மனைவி ஷெர்லியோடும் மற்றவர்களோடும் சேர்ந்து லீ மாவட்டத்தில் 5,000 ஏக்கருக்கு மேல் கறுப்பின விவசாயிகளின் கூட்டு நிலமாக ‘நியூ கம்யூனிட்டீஸ்’ என்ற பண்ணையை உருவாக்கினார். 1976இல் நகர மன்ற உறுப்பினரானார். உள்ளூர்க்காரர் போனார், வெளியூர்க்காரர் தங்கினார். ஷெராடை முன்னால் வைத்து ஆண்டர்சனைச் சின்னவராக்குவது எளிது. ஆனால் அறுவை மருத்துவராக வேண்டும் என்ற ஆசை உள்ளவருக்கு மருத்துவமனைக் கதவைத் திறக்காத ஊர் அது. அவர் தம் ஊரை விட்டாரா, ஊர் அவரை வெளியே வைத்திருந்ததா?

டெட்ராய்ட்டில் அவர் அறுவை மருத்துவரானார். 1994இல் அமெரிக்க ஆஸ்டியோபதிச் சங்கத்தின் தலைவரானார், அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர். நார்மாவும் அவரும் தங்கள் வாழ்க்கைக் கதையைச் சேர்ந்து எழுதியிருக்கிறார்கள். இயக்க வரலாறுகளில் மனைவிமார்கள் காப்பி கொடுப்பவர்களாக மட்டும் வந்துபோகும்போது, ஒரு புத்தகத்தை இருவர் பெயரிலும் வெளியிட்டது எனக்குப் பிடித்த செய்தி.

மருத்துவமனைகளின் கதவு பற்றி மீதியைச் சொல்லி முடிக்கிறேன். 1963 நவம்பரில் வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரைச் சேர்ந்த பல் மருத்துவர் சிம்கின்ஸும் அவரோடு சேர்ந்த கறுப்பின மருத்துவர்களும் நோயாளிகளும் போட்ட வழக்கில், ஹில்-பர்ட்டன் பணம் வாங்கிய மருத்துவமனைகள் பிரிவினை செய்யக்கூடாது என்று மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு வந்தும் பல ஊர்களில் எதுவும் அசையவில்லை. 1966இல் முதியோருக்கான மெடிகேர் காப்பீடு வந்தபோது, பிரிவினையை விடாத மருத்துவமனைக்கு அந்தப் பணம் கிடையாது என்று அரசு சொன்னது. சட்டமும் வேதமும் பல பத்தாண்டுகளில் திறக்காத வார்டுகளைத் தென் மாநில மருத்துவமனைகள் சில மாதங்களில் திறந்துவிட்டன. அப்போது ஆண்டர்சன் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், டெட்ராய்ட்டில் இருந்தார்.